காகித மடிப்பில் கணிதமும் சமாதானமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



டிப்ளமா படிக்கிற நமக்குக் காகிதத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. டிராயிங் ஷீட், கிராஃப் ஷீட், ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், அரியர் ஃபார்ம் என்று மூன்று வருடமும் காகிதத்தோடுதான் வாழ்க்கை. ஆனால் அந்தக் காகிதத்தையே நமக்குக் கணக்கு வாத்தியாராக ஆக்க முடியும் என்றால் நம்புவீர்களா? அதே காகிதம் யுத்தம் வேண்டாம் என்று உலகத்துக்குச் சொல்லும் தூதுவனாகவும் இருக்கிறது என்றால்?

"காகிதம் மடிக்கிறதுல என்னப்பா கணக்கு இருக்கு? அது சின்னப் புள்ளைங்க விளையாட்டு" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. விளையாட்டுதான். மழைத் தண்ணியில் விட்ட கத்திக் கப்பல், சுண்டல் பொட்டலம், வாழை மட்டைத் தொன்னை, பனை ஓலைக் கிலுகிலுப்பை எல்லாம் மடிப்பு வேலைதானே! ஜப்பானியர் இதைக் கலையாக வளர்த்து 'ஒரிகாமி' என்று பெயர் வைத்தார்கள். 'ஓரி' என்றால் மடித்தல், 'காமி' என்றால் காகிதம்.

ஒரிகாமிக் கண்காட்சிகள் உலகமெங்கும் நடக்கின்றன. நம் நாட்டில் மும்பை, புனே போன்ற நகரங்களில் 'ஒரிகாமி மித்ரா' என்ற அமைப்பினர் நடத்துகிறார்கள். பூ, பறவை, யானை, பெரிய பெரிய கோளங்கள் எல்லாம் மேசைமேல் இருக்கும். பார்த்து வியக்கலாம். ஆனால் பார்த்து வியந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டால் கணக்கும் புரியாது, சமாதானமும் புரியாது. இரண்டுமே கையால் செய்து பார்த்தால்தான் புரியும். இதுதான் இந்தக் கட்டுரை சொல்லவரும் ஒரே செய்தி. ஆகவே நண்பர்களே, பக்கத்தில் நாலைந்து பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்!

ஒரு டெபுடி கலெக்டரின் கணக்குப் புத்தகம்

காகிதம் மடித்துக் கணக்குச் சொல்லும் கலைக்கு ஜப்பானைத் தேடிப் போகவேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டு சென்னையில் அடிசன் கம்பெனி ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது. அதன் பெயரைத் தமிழில் 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்' என்று சொல்லலாம். எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். அவர் கணிதப் பேராசிரியர் அல்ல. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, அன்றைய சென்னை மாகாண வருவாய்த்துறையில் டெபுடி கலெக்டராக இருந்தவர். ஜமாபந்தியும் கிஸ்திக் கணக்குமான உத்தியோகம். அதற்கிடையில்தான் சதுரத் தாளை மடித்து மடித்து இந்தப் புத்தகத்தை உருவாக்கினார். (அதே கும்பகோணம் கல்லூரியில்தான் 1904-ல் ராமானுஜன் சேர்ந்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.)

ஜெர்மானியர் ஃபுரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில் குழந்தைகளுக்குக் காகிதம் மடிக்கக் கற்றுத் தருவது வழக்கம். அதிலிருந்துதான் தமக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று சுந்தர ராவ் முன்னுரையில் எழுதியிருக்கிறார். சதுரத்தில் ஆரம்பித்து, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று போய், கடைசியில் பரவளையம், நீள்வட்டம் வரை மடிப்பிலேயே கொண்டுவருகிறார்.

ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895-ல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதன் வழியாக அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் இருவரும் இதைப்பற்றி அறிந்து, 1901-ல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் பதிப்பகம் மூலம் புகைப்படங்களுடன் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். நம்ம பக்கத்துக்காரர் ஒருவர் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகக் கணித உலகத்தை எட்டிவிட்டார்! அவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை என்பதுதான் வருத்தம்.

மடிப்பு ஏன் பொய் சொல்லாது?

ஸ்கேல் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும். பென்சில் முனைக்கே ஒரு தடிமன் உண்டு. மடிக்கும்போதும் கை நடுங்கினால் பிசகு வரும்தான். ஆனால் மடிப்பின் பின்னால் இருக்கிற நியாயத்தில் பிசகு கிடையாது. இரண்டே விதிகளை நினைவில் வையுங்கள்.

விதி 1: மடிக்கும்போது தாள் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே நீளமும் கோணமும் மாறாது.

விதி 2: மடிப்புக்கோடு ஒரு கண்ணாடி மாதிரி. ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிமேல் வைத்து மடித்தால், மடிப்புக்கோட்டின் எந்த இடமும் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும்.

உதாரணமாக ஒரு கோட்டை மடித்து, அந்தக் கோடு தன்மேலேயே விழும்படி இன்னொரு தடவை மடியுங்கள். இரண்டு பக்கக் கோணமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, ஆகவே சமம். இரண்டும் சேர்ந்தால் 180 டிகிரி. அப்படியானால் ஒவ்வொன்றும் 90 டிகிரி. டிராஃப்டர் இல்லாமலே செங்கோணம் கிடைத்துவிட்டது! சரி, இனி பாடங்களுக்குப் போவோம்.

பாடம் 1: ஏ4 தாளின் ரகசியம்

ஏ4 தாளின் அளவு 297 மி.மீ. × 210 மி.மீ. என்று இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏன் இந்த விசித்திரமான எண்கள்? இரண்டு ஏ4 தாள் எடுங்கள். ஒரு தாளில் குறுகிய விளிம்பு நீள விளிம்பின்மேல் படியுமாறு மூலையை மடியுங்கள். கிடைத்த சாய்வான மடிப்பு, 210 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம். அதன்மேல் இரண்டாவது தாளின் நீள விளிம்பை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம்!

காரணம் பிதாகரஸ். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல் √2 மடங்கு. 210-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 297. நீள அகல விகிதம் √2 ஆக இருப்பதால்தான் ஏ4-ஐப் பாதியாக மடித்தால் வருகிற ஏ5 தாளும் அதே வடிவத்தில் இருக்கிறது. ஏ0-விலிருந்து ஏ1, ஏ2 என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை முழுவதும் இந்த ஒரே மடிப்பில் அடங்கும். ஏ0-வின் பரப்பு 1 சதுர மீட்டர். நாலு தடவை பாதியாக்கினால் ஏ4, அதாவது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. இனிமேல் இதை யாரும் மனப்பாடம் செய்யவேண்டாம்.

பாடம் 2: செட் ஸ்கொயர் இல்லாமல் 60 டிகிரி

ஒரு சதுரத் தாள் எடுங்கள். அடிப்பக்கத்தின் இடது மூலை அ, வலது மூலை ஆ. இடது விளிம்பும் வலது விளிம்பும் சேரும்படி நடுவில் மடித்து விரியுங்கள். நடுக்கோடு கிடைக்கும். இப்போது அ வழியாக மடிப்புப் போகும்படி, ஆ மூலையைத் தூக்கி நடுக்கோட்டின்மேல் வையுங்கள். அது விழுந்த இடத்தை இ என்று குறித்துக்கொண்டு விரியுங்கள். அ, ஆ, இ மூன்றையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம்.

நிரூபணம் இரண்டே வரி. ஆ-தான் இ ஆக வந்தது, ஆகவே அஇ = அஆ (விதி 1). இ நடுக்கோட்டில் இருக்கிறது, ஆகவே அ, ஆ இரண்டுக்கும் சம தூரம் (விதி 2). மூன்று பக்கமும் சமம், கோணம் 60 டிகிரி. மடிப்புக்கோடு அதை 30, 30 என்று பிரித்துவிட்டது. உங்கள் செட் ஸ்கொயர் பஸ்ஸில் தொலைந்துபோனாலும் கவலையில்லை.

பாடம் 3: சரியாக மூன்றில் ஒரு பங்கு

தாளைப் பாதியாக மடிக்க எவராலும் முடியும். சரியாக மூன்றாக மடிக்கச் சொன்னால்? கடிதத்தை மடிக்கிற மாதிரி குத்துமதிப்பாகத்தான் மடிப்போம். ஜப்பானில் கசுவோ ஹாகா என்ற உயிரியல் அறிஞர் ஓர் அழகான வழி கண்டார்.

சதுரத்தின் மேல் விளிம்பின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். வலது கீழ் மூலையைத் தூக்கி அந்த நடுப்புள்ளிமேல் வைத்து மடியுங்கள். அடி விளிம்பு இப்போது சாய்வாக வந்து இடது விளிம்பை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் மேலிருந்து சரியாக மூன்றில் இரண்டு பங்கு, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு!

ஏன்? சதுரத்தின் பக்கம் 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வலது மேல் மூலையில் ஒரு சின்னச் செங்கோண முக்கோணம் தெரிகிறதல்லவா? அதன் மேல்பக்கம் 4. மற்ற இரண்டு பக்கமும் சேர்ந்து 8, ஏனென்றால் இரண்டும் பழைய வலது விளிம்பின் துண்டுகள்தான். பிதாகரஸ் தேற்றப்படி அவை 3, 5 என்றுதான் இருக்கமுடியும். 3-4-5 முக்கோணம்! கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கிற அதே கணக்கு. இடது பக்க முக்கோணம் இதற்கு வடிவொத்தது, ஏனெனில் நடுப்புள்ளியில் இருப்பது தாளின் செங்கோண மூலை. வலது முக்கோணத்தில் 3-க்கு எதிராக நிற்கும் 4, இடது முக்கோணத்தில் 4-க்கு எதிராக நிற்கும் பக்கத்தைத் தருகிறது. 4-ஐ 3-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்க, 16/3 அங்குலம். அது 8-ல் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே மடிப்பில் பிதாகரஸ், வடிவொத்த முக்கோணம், பின்னம் மூன்றும் வந்துவிட்டன.

பாடம் 4: பரவளையம்

டிராயிங் ஹாலில் பரவளையம் வரைய அரைமணி நேரம் ஆகும். இதோ மடிப்பு வழி. தாளின் அடி விளிம்புக்கு மேலே நாலு விரல் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் குவியம். அடி விளிம்பு அந்தப் புள்ளிமேல் படும்படி மடித்து விரியுங்கள். விளிம்பின் வேறு இடம் புள்ளிமேல் படும்படி மறுபடி மடியுங்கள். இப்படி இருபது முப்பது மடிப்புப் போட்டால், மடிப்புகளுக்கு நடுவே ஒரு வளைவு தானாகவே எழுந்து நிற்கும். அந்த மடிப்புகள் எல்லாம் பரவளையத்தின் தொடுகோடுகள். விதி 2-ஐ நினைத்துப் பாருங்கள்: குவியத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும் சம தூரம் என்பதுதானே பரவளையத்தின் இலக்கணம்? மொட்டைமாடி டிஷ் ஆன்டெனாவின் வடிவமும் இதுதான். பரவளைய மடிப்பு சுந்தர ராவின் புத்தகத்திலேயே இருக்கிறது.

பாடம் 5: காம்பஸ் தோற்ற இடத்தில் காகிதம் ஜெயித்த கதை

ஒரு கோணத்தை இரண்டாகப் பிரிக்க காம்பஸ் போதும். மூன்று சம பங்காகப் பிரிக்க? கிரேக்கர் காலத்திலிருந்து இரண்டாயிரம் வருடம் முயன்றார்கள். எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும்படி காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்து முடியவே முடியாது என்று 1837-ல் பிரெஞ்சுக்காரர் வான்ட்செல் நிரூபித்தார். கனமூலம் எடுப்பதும் அப்படியே. சுந்தர ராவும் தம் புத்தகத்தில் கோணத்தைத் தோராயமாகத்தான் மூன்றாகப் பிரித்தார். கனமூலம் மடிப்புக்கு அப்பாற்பட்டது என்றே கருதினார். ஆனால் 1936-ல் இத்தாலியப் பெண் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக், ஒரு குறிப்பிட்ட மடிப்பால் முப்படிச் சமன்பாட்டையே தீர்க்கலாம் என்று காட்டினார். சுந்தர ராவ் கையில் வைத்திருந்த அதே சதுரத் தாளுக்குள்தான் விடை இருந்தது!

ஜப்பானியர் ஹிசாஷி அபே கண்ட முறையைச் செய்து பார்ப்போம். இடது கீழ் மூலை அ. அதிலிருந்து சாய்வாக ஒரு மடிப்புப் போடுங்கள். அடி விளிம்புக்கும் இந்தச் சாய்கோட்டுக்கும் இடையில் உள்ள கோணத்தைத்தான் மூன்றாக்கப்போகிறோம். அடி விளிம்புக்கு இணையாக ஒரு மடிப்பு. அது இடது விளிம்பைத் தொடும் இடம் ஆ. அடி விளிம்பை அந்த மடிப்போடு சேர்த்து மடித்தால் நடுவில் இன்னொரு இணைகோடு வரும். அது இடது விளிம்பைத் தொடும் இடம் இ.

இப்போதுதான் வித்தை. அ மூலை நடு இணைகோட்டின்மேலும், அதே சமயத்தில் ஆ புள்ளி சாய்கோட்டின்மேலும் விழும்படி ஒரே மடிப்பு. கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உட்காரும். அப்போது அழுத்துங்கள். அ விழுந்த இடம் க, இ விழுந்த இடம் ச, ஆ விழுந்த இடம் ட என்று குறித்துக்கொண்டு விரியுங்கள். அ-விலிருந்து க-வுக்கும் ச-வுக்கும் கோடு போடுங்கள். கோணம் மூன்று சம பங்காகிவிட்டது.

நிரூபணம்: க-விலிருந்து அடி விளிம்புக்குச் செங்குத்து இறக்கி, அடியை ப என்போம். கப, கச, சட மூன்றும் ஒரே நீளம் (இணைகோட்டு இடைவெளி). மடிப்பதற்கு முன் இக கோடு இடது விளிம்புக்குச் செங்குத்து. மடிப்பு அ-வையும் க-வையும் இடம் மாற்றுகிறது, இ-யை ச-வுக்கு அனுப்புகிறது. ஆகவே அச கோடு கட கோட்டுக்குச் செங்குத்து. அபக, அசக, அசட என்ற மூன்று செங்கோண முக்கோணங்களும் சர்வசமம். அ-வில் உள்ள மூன்று கோணமும் சமம். நிரூபிக்கப்பட்டது!

இதைத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எந்த மாணவரும் ஓர் ஆங்கில வார்த்தைகூட இல்லாமல் செய்யலாம், சொல்லலாம் என்பதைக் கவனியுங்கள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் 'ப்ரூவ் தட்' என்றதும் மிரண்டுபோய் அரியர் வைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கைக் கையில் தொட்டுப் பார்க்க யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டறையிலும் விண்வெளியிலும்

"பரீட்சைக்கு உதவும், வேலைக்கு உதவுமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியூரா ஒரு மடிப்பு முறையைக் கண்டார். இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே வீச்சில் விரியும். தள்ளினால் ஒரே வீச்சில் மடங்கும். 1995-ல் ஜப்பான் அனுப்பிய விண்கலத்தில் சூரியத் தகடுகளை விரிக்க இது சோதிக்கப்பட்டது. கார் ஏர்பேக்கை மடித்து வைப்பதற்கும் இந்தக் கணிதம் பயன்படுகிறது. இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினரோடு மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கியை உருவாக்கி 2014-ல் உலகுக்கு அறிவித்தார். 'ஃபோல்ட்ஸ்கோப்' என்று பெயர். நம் ஷீட் மெட்டல் ஒர்க்‌ஷாப்பில் டெவலப்மென்ட் போட்டு தகட்டை மடிக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இரட்டிப்புக் கணக்கும் ஹிரோஷிமாவும்

இனி இன்னொரு கணக்கு. தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்று கொள்வோம். ஒரு தடவை மடித்தால் 2 அடுக்கு, அடுத்தது 4, பிறகு 8. பத்தாவது மடிப்பில் 1,024 அடுக்கு; உயரம் சுமார் 10 செ.மீ. (சாதாரணத் தாளை ஏழெட்டு மடிப்புக்கு மேல் மடித்துப் பாருங்கள், கை வலிக்கும்!) கணக்கில் மட்டும் தொடர்ந்தால் 42-வது மடிப்பில் உயரம் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர். சந்திரன் இருப்பது சராசரி 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில். சந்திரனையே தாண்டிவிட்டோம்.

இந்த இரட்டிப்புதான் அணுகுண்டின் உள்ளேயும் நடக்கிறது. ஒரு யுரேனிய அணுக்கரு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவரும். அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும். 1, 2, 4, 8... எண்பது படிகள் போவதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மேல் இந்தக் கணக்கு நடந்தது. குண்டில் இருந்த சுமார் 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கே சுமார் 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி. அந்த வருடக் கடைசிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டார்கள். மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9, நாகசாகி. அங்கே எழுபதாயிரத்துக்கு மேல்.

அதே தொடர்வினையை ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு நியூட்ரான் மட்டும் அடுத்த பிளவுக்குப் போகும்படி கட்டுப்படுத்தினால் மின்சாரம் கிடைக்கும். நம் கல்பாக்கத்தில் 1983-ல் முதல் மின் உலை இயங்கத் தொடங்கியது அப்படித்தான். பெருக்கல் வாய்பாடு ஒன்றுதான். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை வாய்பாடு முடிவு செய்வதில்லை, மனிதன்தான் முடிவு செய்கிறான். டிசைன் போடுகிறவர்களும் மெஷின் ஓட்டுகிறவர்களும் நாளைக்கு நாம்தானே? நம் நாடும் 1974-லும் 1998-லும் பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நடத்தியிருக்கிறது. ஆகவே இது யாரோ ஜப்பான்காரர்கள் பாடு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

சடாகோவின் கொக்குகள்

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. வீடு குண்டு விழுந்த மையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அன்றைக்கு உயிர் தப்பினாள். நன்றாக ஓடுவாள், பள்ளியில் ஓட்டப்பந்தய வீராங்கனை. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. அந்த வருடம் நகோயா நகரத்திலிருந்து நோயாளிகளுக்குக் காகிதக் கொக்குகள் வந்தன. அதைப் பார்த்துச் சடாகோவும் மடிக்கத் தொடங்கினாள். மருந்து சுற்றி வந்த தாள், பரிசுப் பொருள் சுற்றிய தாள் என்று கிடைத்ததையெல்லாம் மடித்தாள். பின்னால் ஊசி முனையால் மடிக்கவேண்டிய அளவுக்குக் குட்டிக் குட்டிக் கொக்குகள்!

644 மடித்ததும் இறந்துவிட்டாள், மீதியைத் தோழர்கள் மடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது 1977-ல் எலினார் கோர் எழுதிய சிறுவர் நூலில் வந்தது. உண்மையில் அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்று ஹிரோஷிமா அருங்காட்சியகமும் குடும்பத்தாரும் சொல்கிறார்கள். ஆயிரம் முடிந்த பின்னும் நிறுத்தவில்லை. 1955 அக்டோபர் 25-ல் பன்னிரண்டு வயதில் கண்ணை மூடினாள். கொக்கு நோயைக் குணமாக்கவில்லை, ஆக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அவளுடைய வகுப்புத் தோழர்கள் நிதி திரட்டக் கிளம்பினார்கள். ஜப்பான் முழுவதும் மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 1958 மே 5-ல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குழந்தைகள் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மாணவர்கள் ஒன்றுகூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு, மாணவர் சங்க மலரில் இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள், ஏறத்தாழ 10 டன், உலகமெங்கிலுமிருந்து அங்கே வந்து சேர்கின்றன. குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024-ன் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

நம்ம ஊரில் ஒரு கண்காட்சி

சரி, நாம் என்ன செய்யலாம்? புதுக்கோட்டைக்கு மக்களிடம் அறிவைக் கொண்டுபோகும் வேலை புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே கிராமம் கிராமமாக எழுத்தைக் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். சமாதானமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கொல்லாமையை நெறியாகக் கொண்ட சமணத் துறவிகள் தவமிருந்த ஏழடிப்பட்டம் நம் சித்தன்னவாசலில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6 முதல் 9 வரை, கல்லூரியிலோ, அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், இலுப்பூர் பக்கத்துப் பள்ளிகளிலோ காகித மடிப்புக் கண்காட்சி நடத்தலாம். அதற்கு என் திட்டம் இதோ.

1. மொத்தம் ஏழு மேசை. முதல் ஐந்தில் மேலே சொன்ன ஐந்து பாடம். ஆறாவதில் இரட்டிப்புக் கணக்கு. ஏழாவதில் கொக்கு.

2. திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் பொருள்கள் கண்ணாடிக்குள் இருப்பது நியாயம். அவை திரும்பக் கிடைக்காதவை. நம் கண்காட்சியில் கண்ணாடியும் வேண்டாம், 'தொடாதீர்' போர்டும் வேண்டாம். மேசைக்கு ஒரு மாணவர், ஒரு கட்டுத் தாள்.

3. ஒரே ஒரு கட்டளை: பார்க்க வந்தவர் ஒரு மடிப்பும் அதற்கு ஒரு காரணமும் தெரிந்துகொள்ளாமல் மேசையை விட்டு நகரக்கூடாது. "இப்படித்தான் வரும்" என்று நாம் சொல்லக்கூடாது. "ஏன் இப்படி வருது?" என்று கேட்கவேண்டும்.

4. செலவு? பழைய வினாத்தாள், எழுதி முடித்த ரஃப் நோட்டு, அச்சகத்தில் வெட்டிப்போடும் ஓரத் தாள் போதும்.

5. கொக்கு மேசையில் மடித்த கொக்கை மறுபடி விரித்துக் காட்டுங்கள். மடிப்புகள் சந்திக்கும் எந்த உட்புள்ளியிலும், மேல்நோக்கிய மலை மடிப்புகளையும் கீழ்நோக்கிய பள்ள மடிப்புகளையும் தட்டையாக மடித்த நிலைக்கு எண்ணினால் வித்தியாசம் எப்போதும் 2. இதற்கு மேக்காவா தேற்றம் என்று பெயர். சிறுவர்களை எண்ணச் சொல்லுங்கள், விடமாட்டார்கள்!

6. ஆயிரம் கொக்குக்குக் கணக்கு: ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 5,000 நிமிடம், அதாவது 83 மணி 20 நிமிடம். ஒருவருக்குத் தலைசுற்றும். 40 பேர் உள்ள வகுப்புக்கு ஆளுக்கு 25 கொக்கு. இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் 15 செ.மீ. சதுரம் 1.575 கிராம், ஆயிரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பார்சல் கட்டி ஹிரோஷிமா மாநகராட்சிக்கு அனுப்பினால் நினைவுச் சின்னத்தருகே வைக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கொக்கும் அங்கே இருக்கட்டுமே!

"கொக்கு மடிச்சா யுத்தம் நின்னுடுமா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். நிற்காது. ஆனால் ஒரு கொக்கை மடித்து முடிக்கும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பையனோ பெண்ணோ ஹிரோஷிமா என்ற பெயரைக் கேட்டிருப்பார்; ஏன் மடிக்கிறோம் என்று யோசித்திருப்பார். ஒரு கோணத்தை மூன்றாக்கியவர் இனிமேல் நிரூபணத்தைக் கண்டு பயப்படமாட்டார். கணக்கில் 'ஏன்' என்று கேட்கப் பழகியவர், நாளைக்கு ஒரு மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது 'எதற்காக' என்றும் கேட்பார். டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியே போகிற நமக்கு இந்த இரண்டு கேள்வியும் வேண்டும்.

வரும் ஆகஸ்ட் 6-க்கு முதல் வருட மாணவர்களையும் அழைத்துக்கொள்வோம். தாள் தயாராக இருக்கிறது. வாருங்கள் நண்பர்களே, மடிப்போம்!